வாசற்படி தாண்டாத வேலை

சென்ற ஆண்டு ஒரு காலைவேளையில் எமது புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தந்தையும் மகனும் வந்தனர். அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தந்தைக்கு 68 வயது. பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் கைத்தறி நெய்தவர். இருபது ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். மகனுக்கு 36 வயது. சென்னை மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது முதல் திருத்தணியில் தம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். தந்தையின் மருந்துச்சீட்டைப் புதுப்பிக்க வந்திருந்தார்கள். தந்தையின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.2, அவர் வயதுக்கு அது நிறைவான அளவு. விடைபெற்று எழுந்தபோது, மகனின் பின்கழுத்துத் தோல் வெல்வெட்டுத் துணிபோல் தடித்துக் கறுத்திருந்தது என் கண்ணில் பட்டது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலில் தோன்றும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அவரை மீண்டும் உட்காரச் சொல்லி இரத்தம் எடுக்கச் செய்தேன். மகனின் சராசரி 9.1.

நோயாளியை அழைத்து வந்தவர் நோயாளியைவிட மோசமான நிலையில் இருந்தார். தந்தையின் மாத்திரை வேளைகளை ஒன்றுகூடத் தவறாமல் கவனித்தவர், தம் உடலைப் பற்றி எண்ணியும் பார்த்ததில்லை. கடந்த சில ஆண்டுகளில் இத்தகையோரை அடிக்கடி காண்கிறேன். வீட்டில் ஒரு முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொண்டே, அதே வீட்டில் கணினி முன் அமர்ந்து சம்பாதிப்பவர்கள் இவர்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

அந்த மகனிடம் ஊரடங்குக்கு முந்தைய அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். வீட்டிலிருந்து இரயில் நிலையத்துக்குக் கால்மணி நேர நடை. நடைமேம்பாலம் ஏறி இறங்குதல். மின்சார இரயிலில் இடம் கிடைக்கும்வரை நின்று செல்லுதல். சென்ட்ரலில் இறங்கி மீண்டும் நடை, பேருந்து, அலுவலகப் படிகள். மாலையில் இவை அனைத்தும் மறுபடியும். ‘நான் உடற்பயிற்சியே செய்ததில்லை’ என்றார் அவர். ஆயினும் அந்தப் பயணம் நாள்தோறும் ஒன்றரை மணி நேரமாவது அவர் கால்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது. இப்போது கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே பன்னிரண்டு அடி. அலைச்சல் ஒழிந்தது என்று மகிழ்ந்தவர், அலைச்சலோடு சேர்ந்து எது ஒழிந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

அருகிலிருந்த தந்தை குறுக்கிட்டார்: “நானும் நாப்பது வருஷம் வீட்டுக்குள்ளயேதான் சார் வேலை செஞ்சேன். ஆனா எங்க காலு சும்மா இருந்ததில்லையே.”

அவர் சொன்னது மருத்துவப்படி முற்றிலும் சரி. வீட்டிலிருந்தே வேலை செய்வது நம் பகுதிக்குப் புதிதன்று. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், அத்திமாஞ்சேரிப்பேட்டை போன்ற நெசவூர்களில் வீடே தொழிற்கூடமாக இருந்து வந்திருக்கிறது. குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் நாள் முழுவதும் மிதிகட்டையை மாறி மாறி மிதித்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் வேலை இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடந்தாக வேண்டும், அக்கம்பக்கத்தாரும் கூட வேண்டும். வெளிச்சம் குறைந்தால் தறி நிற்கும். நடையும் கூட்டமும் ஓய்வும் தொழிலுக்குள்ளேயே நெய்யப்பட்டிருந்தன. இதை வைத்து அக்காலத்தைப் பொற்காலமென்று எண்ணிவிட வேண்டா. முதுகுவலியும் மூட்டுவலியும் கண்பார்வைக் குறைவும் வறுமையும் நெசவாளரை வாட்டியதை அந்தப் பெரியவரின் உடலே சொல்லும். எனினும் கணினி வேலையில் அந்த மிதிகட்டை இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. விளக்கணைந்தால் வேலை நிற்கும் என்ற கட்டாயமும் அதில் இல்லை.

அசையாத கால் உடலுக்குச் செய்யும் தீங்கை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பேருந்து, ஒரே சாலை. ஆனால் நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தார்கள் என்பதையும் பின்னர் அவரே சீருடை அளவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். ஆகவே எல்லாப் பழியையும் இருக்கையின்மேல் போட முடியாது. ஆயினும் அதன் பிறகு வந்த ஆய்வுகள் பலவும் அந்த முதல் முடிவின் பக்கமே நிற்கின்றன.

காரணம் எளிது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கும் இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. இதனால் அதை இரண்டாம் இதயம் என்று சொல்வதுண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். நீரிழிவு நோயாளிக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரைமணி நேரம் நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் நடந்த நடையே மிகுந்த பயனளித்தது. மொட்டைமாடி போதும். மழையானால் கூடத்திலேயே சுற்றி வரலாம்.

இதனினும் அவசரமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1940-இல் இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவெல்லாம் அமர்ந்திருந்த சிலர் திடீரென இறந்தனர். கால் நரம்பில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததே காரணம் என்று கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் எழுதினார். 2003-இல் நியூசிலாந்து மருத்துவர்கள், கணினி முன் நெடுநேரம் அமர்ந்திருக்கும் வழக்கமுடைய 32 வயது இளைஞர் ஒருவருக்கு இதே நிலை ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். இது அரிதாக வருவதுதான். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அதனுடன் திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினாலோ, எண்ணெய் தடவிப் பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டா. 108-ஐ அழையுங்கள். வீங்கிய காலை நீவிவிடுவது ஆபத்து.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள் என்று மருத்துவர்கள் எல்லோரும் சொல்கிறோம், யாரும் எழுவதில்லை. அறிவுரை நினைவில் நிற்காது, தாகமும் சிறுநீரும் நினைவூட்டும். ஆதலால் மேசைமேல் இரண்டு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொள்ளாதீர்கள். சிறிய டம்ளர் ஒன்றை வைத்துக்கொண்டு, குடித்து முடிக்கும்போதெல்லாம் சமையலறைக்குச் சென்று நிரப்பி வாருங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்போர்க்குத் தாகம் தெரியாமலே உடல் வறண்டுவிடும், சிறுநீரகக் கல்லும் சேரும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் அந்த அளவையே பின்பற்றுங்கள். தொலைபேசியில் பேசவேண்டியவற்றை நடந்துகொண்டே பேசுங்கள்.

மடிக்கணினியின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால், திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கை தூக்கியிருக்கும். கை இயல்பாக இருந்தால் கழுத்து குனியும். நான்கு தடித்த புத்தகங்களின்மேல் கணினியை உயர்த்தி, தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கிக்கொண்டால் கழுத்துவலி பலருக்குப் பாதியாகக் குறையும். பாதம் தரையில் படியவேண்டும். படியாவிட்டால் ஒரு மணைப்பலகை. குழித்தறியின் குழியைத் தம் கால் நீளம் பார்த்தே வெட்டியதாக அந்தப் பெரியவர் சொன்னார். மகனோ கட்டிலில் தலையணையைச் சாய்த்து எட்டு மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார்! கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது விநாடி தொலைவிலுள்ள ஒன்றைப் பாருங்கள், இமைகளை நன்றாகக் கொட்டுங்கள். சன்னலில் மலை தெரியும் வீடுகள் நம் ஊரில் பல.

உணவைப் பற்றி வாசகர்களுக்கு நிறையவே தெரியும். எனவே நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வீட்டில் நீரிழிவு நோயாளி இருந்தால் அவருக்கு வேளை தவறாமல் உணவு தரப்படும். அவருடன் சேர்ந்தே உண்ணுங்கள். தந்தை ஒரு மணிக்கு உண்டு முடிக்க, மகன் மூன்றரைக்குக் கணினி முன்னேயே சாப்பிட்டு, இடையில் சர்க்கரை போட்ட தேநீர் ஐந்தும் மிக்சர் பொட்டலம் ஒன்றும் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் அந்த வீட்டில் நடந்தது.

வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு கூடுதல். இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு கூடுதல். அமெரிக்க நேரத்துக்கு இரவில் வேலை செய்வோர் பகலில் இருட்டாக்கிய அறையில் ஏழு மணி நேரமாவது தொடர்ந்து உறங்க வேண்டும். அந்நேரத்தில் வாசலில் பால்காரரிடம் பேச அவரை எழுப்பாதிருப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.

பெண்கள் நிலைமை வேறு. வீட்டிலிருந்து வேலை செய்யும் மருமகளிடமே மாமியாரின் மருந்தும் பிள்ளையின் பாடமும் குக்கர் விசிலும் வந்து சேர்கின்றன. ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்ற ஒரு சொல் அவள் ஓய்வு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. கூட்டம் முடியட்டும் என்று சிறுநீரை அடக்கி, அதற்கு அஞ்சித் தண்ணீரும் குறைத்து, சிறுநீர்த்தொற்றுடன் வருவோரை மாதந்தோறும் பார்க்கிறேன். மருந்து எழுதித் தருவேன். மாமியாரின் இன்சுலின் ஊசியை ஒரு வேளையாவது மகன் போட வேண்டும் என்பதையும் அதே சீட்டின் அடியில் எழுதியதுண்டு.

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திருத்தணியில் வாழ்வோர்க்கு மலைப்படிகள் 365 வாய்த்திருக்கின்றன. முதல் நாளே உச்சிவரை ஏற முயலவேண்டா. ஐம்பது படியில் தொடங்கி, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் செல்லுங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் எங்களைக் கேட்ட பின்னரே ஏறவேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: பாத உணர்ச்சி குறைந்திருந்தால், வெயிலில் காய்ந்த கல்லின் சூடு உங்களுக்குத் தெரியாது. வெறுங்காலுடன் பகலில் நடந்து, இரவில் உள்ளங்கால் கொப்புளத்தைக் கண்டு வருவோர் கோடையில் உண்டு. அப்புண் ஆறாமல் விரலையே இழந்தவர்களும் உண்டு. கதிரவன் எழுமுன் சென்று திரும்புங்கள். வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மகன் தமக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்தார். காலை ஆறரைக்கு, இன்னமும் சென்னைக்குச் செல்பவர் போல, குளித்து உடுத்தி நிலையம்வரை நடக்கிறார்; மேம்பாலம் ஏறி இறங்குகிறார்; சர்க்கரையில்லாத தேநீர் ஒன்று அருந்தி, வீடு திரும்பிக் கணினியைத் திறக்கிறார். மாலை ஏழுக்குக் கணினியை மூடிப் பீரோவில் வைத்துவிட்டு மறுபடியும் ஒரு நடை. மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து அவர் சராசரி 6.9. இரண்டு வாரம் நடை நின்றபோது சர்க்கரை மீண்டும் ஏறியதையும் மறைக்காமல் சொன்னார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. வாயிலில் நிற்பவர்க்கு வலி எதுவும் இராது. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் வீட்டுக்கு வரும்போது பாட்டிக்கு மட்டும் பார்க்கச் சொல்லாமல் உங்கள் கையையும் நீட்டுங்கள். அடுத்த பரிசோதனைக்கு இங்கே வரும் நாளில், அழைத்து வருபவரும் வெறும் வயிற்றில் வாருங்கள். நோயாளியின் காலை மாத்திரையையும் இன்சுலினையும் போட்டுக்கொள்ளாமல் கையில் எடுத்து வாருங்கள், உணவையும் கட்டிக்கொண்டு வாருங்கள். இருவருக்கும் சேர்த்தே இரத்தம் எடுத்துவிடலாம்.