போட்டி நாளில் பிள்ளைக்குச் சாப்பாடு எப்போது?

பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் பிள்ளை ஓடப்போகிறது என்றதும் பெற்றோர் பலர் குளுக்கோஸ் பக்கற்றும் சத்துமாவும் வாங்க யோசிக்கிறார்கள். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்து, கரவெட்டியில் குத்தகைத் தறையிலும் நாட்கூலியிலும் சீவிக்கும் குடும்பத்துக்கு இது வேண்டாத செலவு. வீட்டில் உள்ள உணவையே நேரம் பார்த்துக் கொடுத்தால் போதும்.

சோறு, புட்டு, குரக்கன் ஆகியவற்றிலுள்ள மாச்சத்து கிளைக்கோஜனாக மாறித் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. விடாமல் கடுமையாக ஓடினால் இச்சேமிப்பு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் தாங்கும். ஈரலில் உள்ள பங்கு இரவு நித்திரையில் குறைந்துவிடும். ஆகவே முதல்நாள் இராச்சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது. காலையில் வெறுந்தேநீருடன் அனுப்பவும் கூடாது. வயிறு நிறைந்தவுடன் ஓடுவதும் பிழை. சமிபாட்டுக்கு வேண்டிய இரத்தம் தசைகளுக்குப் போய்விட, வயிற்றுப்பிடிப்பும் ஓங்காளமும் வரும்.

ஓட்டம் காலை ஒன்பது மணிக்கென்றால் ஆறு மணிக்கே இடியப்பமோ புட்டோ கொடுங்கள். தேங்காய்ப்பூவும் எண்ணெயும் மட்டாக இருக்கட்டும். கொழுப்பு மெதுவாகவே சமிக்கும். பயறும் கௌபியும் அருமையான உணவுகள், ஆனால் அன்று காலையில் வேண்டாம், வயிறு ஊதும். பொதுச் சமையலில் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் வருமென்றால் அதைப் பின்னுக்கு எடுத்து வையுங்கள். முதல்நாளே வாங்கிவைத்த பாணில் இரண்டு துண்டை வேளைக்கே கொடுத்து, ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன் ஒரு வாழைப்பழம் கொடுக்கலாம். பிற்பகல் ஓட்டமென்றால் மத்தியானச் சோற்றைப் பதினொரு மணிக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள். புதிய உணவு எதையும் அன்று பரீட்சிக்க வேண்டாம்.

வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியபோது 51 மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரத்துக்கு உடம்பிலுள்ள மாச்சத்துச் சேமிப்புப் போதாது; இடையிடையே ஆகாரம் வேண்டும். 800 மீற்றர் ஓட்டமோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குக் குளுக்கோஸ் கரைத்துக் குடிப்பதால் வேகம் கூடாது. கொதித்தாறிய தண்ணீரை ஒரு போத்தலில் கொடுத்துவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். மரதன் ஓடும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சீனியும் சிறிது உப்பும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர் உதவும்.

முடிந்தபின் ஒரு மணித்தியாலத்துக்குள் சோறும் பருப்பும், கிடைத்தால் மீனும் கொடுங்கள். களைத்த தசை அப்போதுதான் மாச்சத்தை விரைவாக உள்வாங்கும். அன்றே இன்னொரு ஓட்டம் இருந்தால், இடைவேளை குறுகியதென்றால் வாழைப்பழமும் பனங்கட்டித் துண்டுமே நல்லது. பெண்பிள்ளை ஓடிவிட்டு வந்தால் ஆண்கள் சாப்பிட்டு முடியும்வரை அவளைக் காக்க வைக்காதீர்கள். விடியற்புறம் வெங்காயத்துக்குத் தறை கொத்தப் போகிறவருக்கும் இதே கணக்குத்தான்: போகுமுன் சிறிது கஞ்சி, வேலை முடிந்ததும் சாப்பாடு.