பதினாறில் ஒரு பங்கு விஜயந்தா

பத்தாம் வகுப்பு மாணவியர்

முன்னுரை

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. பழைய தகரமும், தேய்ந்த சைக்கிள் சங்கிலியும், ஒடிந்த குடைக்கம்பியும் ஒரு விஞ்ஞானப் பாடத்திற்கு உதவும் என்பதை இவ்வாண்டு நாங்கள் கண்டோம். பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக எங்கள் வகுப்பில் எட்டுப் பேர் சேர்ந்து, விஜயந்தா என்னும் டாங்கியின் உலோக மாதிரி ஒன்றைச் செய்தோம். ஆழ்வார்திருநகரிக் கடைத்தெருவில் தகர வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்குக் கைத்தொழில் ஆசானாக இருந்தார். பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு என்ன, மாதிரியால் நாம் எதைக் கற்கிறோம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த விதம்

மாடியில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் டாங்கி, போர்க்களத்தில் ஓடுவதும் டாங்கி. இரண்டிற்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளும் முள்வேலிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் படைகளை முன்னேற விடாமல் தடுத்தன. அவற்றைக் கடக்க இங்கிலாந்து ஒரு கவச வண்டியை இரகசியமாகச் செய்தது. இரகசியம் வெளிப்படாதிருக்க, அதைத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் ‘டாங்க்’ என்ற பெயரால் குறிப்பிட்டார்கள். 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சில் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. இரகசியம் அன்றே போயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆவடியின் விஜயந்தா

விஜயந்தா நம் மாநிலத்தில் உருவானது. 1961-இல் இந்திய அரசு இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, சென்னையை அடுத்த ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையை அமைத்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உதிரிப்பாகங்களை இங்கே ஒன்றுசேர்த்தார்கள். பிறகு சிறிது சிறிதாகப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா 1965-இல் வெளிவந்தது. 1971-ஆம் ஆண்டுப் போரில் அது பங்குகொண்டது. இன்று அது படையில் இல்லை; பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அதற்குப் பின் டி-72, டி-90 ஆகியவையும், நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுனும் ஆவடியில் செய்யப்பட்டன.

அளவே உயிர்

பொம்மை செய்பவர் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதும் என்பார். மாதிரி செய்பவர் ஒரே விகிதத்தை எல்லாப் பாகங்களுக்கும் கடைப்பிடிக்க வேண்டும். நாங்கள் 16-இல் ஒரு பங்கு என்ற விகிதத்தை எடுத்துக்கொண்டோம். அதன்படி:

உடற்பகுதியின் நீளம் 7.92 மீட்டர், மாதிரியில் 49.5 செ.மீ.
முன்னோக்கிய பீரங்கிக் குழலுடன் நீளம் சுமார் 9.8 மீட்டர், மாதிரியில் சுமார் 61 செ.மீ.
அகலம் சுமார் 3.17 மீட்டர், மாதிரியில் 19.8 செ.மீ.
குழலின் உள்விட்டம் 105 மி.மீ.; மாதிரியில் 6.6 மி.மீ.

இங்கே ஒரு கணக்கு உண்டு. நீளம் 16-இல் ஒரு பங்கானால், பரப்பு 256-இல் ஒரு பங்காகும். கன அளவோ 4,096-இல் ஒரு பங்காகும். விஜயந்தாவின் எடை ஏறத்தாழ 39 டன். 39,000 கிலோவை 4,096-ஆல் வகுத்தால் சுமார் 9½ கிலோ வரும். எங்கள் மாதிரி 6 கிலோதான். உள்ளே எஞ்சின் இல்லை, தகடும் மெல்லியது. உண்மை டாங்கியின் முன்புறக் கவசம் 80 மி.மீ. கனமுள்ளது. அதை அப்படியே சுருக்கினால் 5 மி.மீ. வரவேண்டும், நாங்கள் பயன்படுத்தியதோ 1 மி.மீ. தகடு. மேலைநாடுகளில் 6-இல் ஒரு பங்கு அளவில் உலோக மாதிரிகள் செய்பவர்களும் உண்டு. அந்த அளவில் விஜயந்தாவைச் செய்து, எடையையும் விகிதப்படி வைத்தால் 180 கிலோ வரும். அதைத் தூக்க எங்கள் எட்டுப் பேரால் முடியாது!

செய்முறை

1. முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் காலண்டர் அட்டையில் வரைந்து வெட்டி ஒட்டிப் பார்க்க வேண்டும். அட்டை பொருந்திய பின்னரே தகரத்தில் கை வைக்க வேண்டும்.

2. அட்டையைத் தகட்டின் மேல் வைத்து ஆணி முனையால் கோடு கீறி, தகரக் கத்தரியால் வெட்ட வேண்டும். வெட்டிய ஓரம் கத்திபோல் இருக்கும். உடனே அரத்தால் தேய்த்து மழுக்க வேண்டும்.

3. மூலைகளை ஈயப்பற்று வைத்து இணைக்க வேண்டும். பற்றுமிடத்தை உப்புத்தாளால் நன்கு தேய்த்தால்தான் ஈயம் ஒட்டும். இவ்வேலையைப் பெரியவர் ஒருவர் துணையுடன் காற்றோட்டமான இடத்தில் செய்வது அவசியம்.

4. பக்கத்திற்கு 6 என 12 சக்கரங்களை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினோம். பல்சக்கரம் பின்புறம் வரும்; ஏனெனில் விஜயந்தாவின் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது.

5. சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைக்கு, ஒரு பக்கத்திற்கு இரண்டாக நான்கு பழைய சைக்கிள் சங்கிலிகள் தேவைப்பட்டன. இரண்டு சங்கிலிகளை இணையாக வைத்து, குறுக்கே தகட்டுத் துண்டுகளைப் பொருத்தினோம். ஒரு பக்கத்திற்கு 43 துண்டுகள். பொறுமை என்னும் பாடத்தை இந்தத் துண்டுகளே எங்களுக்குக் கற்பித்தன.

மணலில் ஒரு சோதனை

சக்கரம் மட்டும் போதாதா, பட்டை எதற்கு? அழுத்தம் என்பது எடையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று பௌதிகத்தில் படிக்கிறோம். தேரிச் செம்மணலை ஒரு தொட்டியில் நிரப்பி, மாதிரியைப் பட்டையுடன் வைத்தோம், மேலாகவே நின்றது. பட்டையைக் கழற்றிவிட்டு வைத்தோம். சக்கரங்கள் மணலில் இறங்கின. தேரியில் சைக்கிள் தள்ளியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா வகையிலும் சரியாகச் சுருக்கிய மாதிரியின் எடை 4,096-இல் ஒரு பங்கு. அது தரையைத் தொடும் பரப்போ 256-இல் ஒரு பங்கு. ஆகவே மாதிரி தரையை அழுத்துவது உண்மை டாங்கி அழுத்துவதில் 16-இல் ஒரு பங்கே. சிறியது மணலில் புதையவில்லை என்பதால் பெரியதும் புதையாது என்று முடிவு செய்யலாகாது.

நுண்வேலை

மாதிரிக்கு உயிர் தருவது நுண்வேலை. பீரங்கிக் குழலின் இடையில் தடித்த உருளை ஒன்று இருப்பதைப் படங்களில் காணலாம். அது அலங்காரமன்று. குண்டு வெளியேறும்போது வாயுவில் ஒரு பகுதி அவ்வுருளையில் புகுந்து தங்கும். பிறகு முன்னோக்கிப் பாய்ந்து, குழலில் மிஞ்சிய புகையையும் இழுத்துக்கொண்டு வாய் வழியே வெளியேறும். இல்லாவிட்டால், அடுத்த குண்டைப் போடுவதற்குக் குழலின் பின்புறத்தைத் திறந்ததும் நச்சுப்புகை உள்ளே வந்து வீரர்களைத் திணறடிக்கும். அவ்வாறே, ஓட்டுநர் மூடியைச் சாத்திக்கொண்டு வெளியே பார்க்கப் பெரிஸ்கோப் உண்டு. மேற்கூட்டின் இருபுறமும் உள்ள சிறு குழாய்கள் புகைத்திரை எழுப்பித் தம்மை மறைத்துக்கொள்வதற்காக.

இவற்றைக் குடைக்கம்பியாலும் தகட்டுத் துணுக்காலும் செய்து ஒட்டினோம். துருத்தடுப்புச் சிவப்பும், அதன்மேல் ராணுவப் பச்சையும் மெல்லிய பூச்சாகப் பூசினோம். கனமாகப் பூசினால் நுண்வேலை யாவும் மறைந்துவிடும்.

உள்ளே நால்வர்

கண்காட்சிக்கு வந்த பெற்றோர் சிலர், பெண்பிள்ளைகள் செய்வதற்குப் போர் வண்டிதானா கிடைத்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடையாக நாங்கள் மேற்கூட்டின் கூரையைத் திறந்து காட்டினோம். உள்ளே களிமண்ணால் செய்த நான்கு உருவங்கள் இருந்தன. ஒரு சராசரி மனிதனின் உயரம் 1.65 மீட்டர் என்றால், நம் விகிதத்தில் 10.3 செ.மீ. ஓட்டுநர் முன்புறம் வலப்பக்கம். மேற்கூட்டில் வலப்பக்கம் தலைவரும் குறிபார்ப்பவரும். இடப்பக்கம் குண்டு நிரப்புபவர். அவர் தூக்கும் ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ 20 கிலோ. அப்படி 44 குண்டுகள் உள்ளே உண்டு. நிறைகுடம் சுமக்கும் நமக்கு அந்தப் பாரம் புரியும். பீரங்கியின் பின்பகுதியையும் குண்டுகளையும் வைத்த பின், நால்வருக்கும் கால் நீட்ட இடம் இல்லை.

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். அவர் வந்து வெகுநேரம் ஓட்டுநர் உருவத்தையே பார்த்திருந்தார். பாலைவன வெயிலில் மூடியைச் சாத்திவிட்டால் இரும்பு அடுப்பாகிவிடும் என்றும், வெளியுலகம் ஒரு சாண் அகலக் கண்ணாடியில் அடங்கிவிடும் என்றும் சொன்னார். 1971 டிசம்பர் 16-இல் பசந்தர் போர்க்களத்தில், தம் செஞ்சூரியன் டாங்கி தீப்பற்றிய பின்னும் அதைவிட்டு இறங்க மறுத்துப் போரிட்டு உயிர்நீத்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலைப் பற்றியும் எங்களுக்குச் சொன்னார். பரம வீர சக்கர விருது பெற்ற அவருக்கு அப்போது வயது 21. எங்களைவிட ஆறே வயது மூத்தவர்.

வெளியிலிருந்து பார்க்கும்போது டாங்கி அச்சமூட்டும் இரும்பு. அளவு தவறாமல் மனிதனையும் உள்ளே வைத்துப் பார்க்கும்போது, அது நான்கு தாய்மாரின் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் பெட்டி. எதிரே வரும் டாங்கியிலும் அவ்வாறே பிள்ளைகள் இருக்கிறார்கள். போரைப் புகழ்வதற்காக இதை நாங்கள் செய்யவில்லை. இதைச் செய்த பின் போரை விளையாட்டாகப் பேச எங்களால் முடியவில்லை.

முடிவுரை

அன்புத் தோழியரே! மாதிரி செய்ய டாங்கிதான் வேண்டும் என்பதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் பளுதூக்கி உண்டு. மணப்பாட்டின் கலங்கரை விளக்கம் உண்டு. தாமிரபரணியின் குறுக்கே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு உண்டு. எதை எடுத்தாலும் விகிதத்தைத் தவறவிடாதீர்கள்; அதன் அருகில் ஒரு மனித உருவத்தையும் அதே விகிதத்தில் செய்து நிறுத்துங்கள். தகரக் கத்தரியும் அரமும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. எங்கள் மாதிரி இப்போது விஞ்ஞானக் கூடத்தில் இருக்கிறது. விரும்புபவர்கள் கூரையைத் திறந்து பார்க்கலாம்; சங்கிலிக்கு மட்டும் மாதம் ஒருமுறை எண்ணெய் விடுங்கள்.