ஒளிப்படத்தில் பூத்துக்குளி

நுழையும்முன்

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பர். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் நீலகிரியில் எடுக்கப்பட்ட தோடர் மகளிரின் படங்கள் எவற்றைக் காட்டின, எவற்றை மறைத்தன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

1839ஆம் ஆண்டு பாரிசில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை விரைவிலேயே சென்னையை எட்டியது. 1856இல் இங்கு ஒளிப்படக் கழகம் ஒன்றும் தோன்றிற்று. பின்னர் ஒளிப்படக்கருவி நீலகிரிக்கும் மலையேறியது. அம்மாவட்டத்தின் முதல் ஆணையரான பிரீக்ஸ் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1873இல் வெளியான நூலில் தோடர்களின் படங்கள் இடம்பெற்றன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலும் அத்தகைய படங்களைக் காணலாம்.

பூத்துக்குளி என்பது தோடர் ஆடவரும் மகளிரும் போர்த்தும் தடித்த வெண்பருத்திப் போர்வை. துணியைத் தோடர்கள் நெய்வதில்லை, பிறரிடம் பெறுகின்றனர். அதன்மீது சிவப்பு, கறுப்பு நூல்களால் பூவேலை செய்வோர் பெண்களே. முன்னரே வரைந்துகொண்ட கோலம் ஏதுமில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். ஓர் இழை பிசகினாலும் கோலம் கோணிவிடும்.

இந்நுட்பத்தை அக்காலத் தகடு வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, அஃது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அதனால் மலைப்பாதையில் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து சென்றனர். எதிரில் நிற்பவர் சில நொடிகளேனும் அசையாதிருத்தல் வேண்டும். முகங்களில் காணும் இறுக்கத்திற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இத்தகடு நீல ஒளியை எளிதில் பதிவுசெய்யும், சிவப்பொளியைப் பதிவுசெய்யாது. எனவே படத்தில் சிவப்பும் கறுப்பும் ஒரே கருமையாயின. இருநிறக் கோலம் வெறும் கரும்பட்டையாகச் சுருங்கிற்று.

ஆயினும் இப்படங்களை ஒதுக்கிவிடல் இயலாது. தோடர், இறந்தவரைப் பூவேலை செய்த போர்வையால் சுற்றி எரியூட்டுவர். பழம் போர்வைகள் பல அவ்வாறே சாம்பலாயின. வெண்ணெய் தடவிச் சுருள்சுருளாகத் தொங்கவிட்ட கூந்தல், தோளைச் சுற்றிப் போர்வை விழும் பாங்கு ஆகியவற்றை எழுத்தைவிடப் படமே தெளிவாகக் காட்டுகிறது.

மக்களை இனவகைகளாகப் பகுப்பதே அன்றைய ஆய்வாளர்தம் நோக்கம். தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். ஆதலின் படங்களின்கீழ்ப் பெரும்பாலும் இனத்தின் பெயரே நிற்கிறது. போர்வை அணிந்து நிற்பவள் யார், அதைத் தைத்தவள் யார் என்பதைப் பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

தோடர் பூவேலைப்பாடு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.