மீண்டும் நிரல் எழுத வந்தவர்கள்

1939ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் போர் மூளவிருந்த காலம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் அக்காவுடன் இலண்டன் மாநகரின் லிவர்பூல் தெருத் தொடர்வண்டி நிலையத்தில் வந்திறங்கினாள். நாசிகளிடமிருந்து யூதக் குழந்தைகளைக் காப்பதற்காக அனுப்பப்பட்டவர்களுள் அவளும் ஒருத்தி. வீட்டில் அவள் பேசிய மொழி ஜெர்மன். அச்சிறுமியே பின்னாளில் ஸ்டெபனி ஷர்லி என்னும் கணினி வல்லுநராக விளங்கினார்.

கணிதத்தில் பெருவிருப்பம் கொண்ட ஷர்லி, அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். நிரல் எழுதவும் கற்றார். கணினி செய்யவேண்டிய வேலையைப் படிப்படியாகச் சொல்லும் கட்டளைத் தொகுப்பே நிரலாகும். அக்காலத்து இங்கிலாந்தில், குழந்தை பிறந்ததும் பெண்கள் பணியை விட்டுவிடுவது வழக்கம். அவர்கள் கற்ற தொழிலும் அத்துடன் முடிந்ததாகவே பிறர் கருதினர். ஷர்லி அவ்வாறு கருதவில்லை. 1962இல், ஆறு பவுண்டு முதலீட்டில், தம் வீட்டிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பணியை விட்ட பெண்களைத் தேடி அழைத்தார். முதல் 300 பணியாளர்களுள் 297 பேர் பெண்கள்.

வீட்டில் கணினி இல்லாமல் நிரல் எழுதுவது எப்படி? பென்சிலும் தாளும் போதும். எழுதிய தாள்கள் அஞ்சலில் சென்றன. பின்னர் அவை துளையிட்ட அட்டைகளாக மாறிக் கணினிக்குள் புகுந்தன. மற்றபடி ஒரு தொலைபேசி இருந்தால் சரி. வாடிக்கையாளர் பேசும்போது மகனின் குரல் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டாராம் ஷர்லி! 'ஸ்டெபனி' எனக் கையொப்பமிட்ட கடிதங்களுக்கு மறுமொழி வரவில்லை. 'ஸ்டீவ்' என ஆண்பெயரில் எழுதியபின் வந்தது. கான்கார்டு வானூர்தியின் கறுப்புப் பெட்டிக்குரிய நிரலும் இப்பெண்கள் தத்தம் வீட்டிலிருந்து எழுதியதே.

இன்று பெண்பெயரை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் தடைகள் உள்ளன. சுள்ளிக்கல்லில் வாழும் ஒருவர் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கிற்குச் செல்வதானால், தோப்பும்படிப் பாலத்தைக் கடந்து, வில்லிங்டன் தீவு வழியாக, நகரின் மறுகோடி வரை பயணம் செய்யவேண்டும். கைக்குழந்தையையோ முதியோரையோ பேணுபவருக்கு அது அன்றாடம் இயல்வதன்று. பணியை விட்டுச் சில ஆண்டுகள் கழிந்தால், பழகிய நிரல்மொழியும் கருவிகளும் மாறிவிடும். ஆனால் பெரிய கணக்கைச் சிறு படிகளாகப் பிரிப்பதும், பிழையைத் தேடிக் கண்டறிவதும் எந்த நிரல்மொழியிலும் ஒன்றுதான். தமிழ் கற்ற மாணவர் மலையாள எழுத்துகளைப் பயிலும்போது, உயிர், மெய் என்னும் முறையைத் தொடக்கத்திலிருந்து கற்கவேண்டியதில்லை அல்லவா?

தமிழ்நாட்டில் 2022இல் சோஹோ நிறுவனத்தின் கல்விப் பிரிவு, இடையில் பணியை விட்ட பெண்களுக்காக மூன்று மாதப் பயிற்சி ஒன்றை அறிவித்தது. அதற்கு ஆங்கிலப் பெயர் தேடாமல், நாம் வீட்டில் வழங்கும் சொல்லையே சூட்டினர்: 'மறுபடி'.

சொற்பொருள்
மறுமொழி – பதில். மறுகோடி – மறுமுனை. பேணுதல் – பாதுகாத்தல்

சிந்தித்து எழுதுக
ஷர்லி 'ஸ்டீவ்' என்று கையொப்பமிட்டது சரியா? உன் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.