குடிலுக்கு முன் ரோஜாவை நகர்த்து

குன்னூர்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வரைந்து அனுப்பிய உன் ஊட்டித் தோட்டப் படம் கிடைத்தது. சரிவில் வெட்டிய படிகளில் கீழ்ப்படியில் இருபதடிக்குப் பத்தடி கட்டம் போட்டு ‘பசுமைக்குடில்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கே வேண்டாம். அந்த இடம் சும்மா கிடக்கிறது, ஒரு செடியையும் அசைக்க வேண்டாம் என்பது உன் கணக்கு. ஊட்டியில் ஓர் இடம் சும்மா கிடந்தால் அதற்குக் காரணம் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார். மேல்படியில் புல் ஈரமாக இருக்கும். கீழ்ப்படியில் உப்பைத் தூவியது போல வெளுத்திருக்கும்.

பாலித்தீன் போர்த்திவிட்டால் உறைபனி அண்டாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். மேகமில்லாத இரவில் மண்ணின் சூடு அந்தத் தாள் வழியாகவே வெளியேறிவிடும். விடியும்போது உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது. நம் மலையில் குடிலால் கிடைக்கும் பெரிய லாபம் மழைத் தடுப்புதான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் தக்காளி இலை நாள் முழுக்க நனைந்து கிடக்கும். முதலில் ஓரத்தில் எண்ணெய் பட்டது போல ஒரு கறை தெரியும். ஒரு வாரத்துக்குள் செடியே கருகி நிற்கும். இலை காய்ந்திருந்தால் அந்தக் கருகல் நோய் பரவ வழியில்லை. ஆகவே தக்காளி, குடைமிளகாய், நாற்றுத் தட்டுகள், இவை மட்டும் உள்ளே இருக்கட்டும். கேரட்டும் முட்டைக்கோஸும் பட்டாணியும் இந்த ஊர்க் குளிரை விரும்பி வளர்பவை. அவற்றுக்குக் கூரை போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

குடிலுக்குச் சரியான இடம் நடுப்படி. ரோஜாப் பாத்தியும் ஹைட்ராஞ்சியாவும் இருக்கும் இடம்தான். அவற்றைக் கிளப்ப வேண்டும் என்பதால்தான் நீ தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். மே மாதப் பூவுக்காக ஜனவரியில் ரோஜாவைக் கவாத்து செய்வது இங்கே வழக்கம்தானே, அதோடு சேர்த்து இடத்தையும் மாற்றிவிடு. ஒரு மாதம் முன்பே செடியைச் சுற்றி ஒரு முழம் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி வேரை அறுத்து வை. உள்ளே புதுச் சல்லிவேர் விட்டிருக்கும். பிறகு மண்கட்டியோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, அன்று மாலையே நட்டுவிடலாம். ஹைட்ராஞ்சியாவுக்கு இத்தனை பாடு வேண்டாம். குச்சி வெட்டி ஊன்றினால் வேர்விட்டுவிடும். பழைய புதரைத் தயங்காமல் தோண்டி எறி.

பேரி மரத்தில் மட்டும் கைவைக்காதே. மேற்கே இருப்பதால் நிழல் விழும் என்று எழுதியிருக்கிறாய். வெயில் அதிகம் தேவைப்படும் குளிர்காலத்தில் அது இலையை உதிர்த்துவிடுகிறது. கோடையில் பிற்பகல் நிழல் விழுந்தால் நல்லதுதான். மூடிய குடில் மதியத்தில் வெந்துவிடும். கிளையிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டு, போதும். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் நிழல் எங்கே நிற்கிறது என்று சில நாள் பார்த்துவிட்டுக் கம்பத்துக்குக் குழி தோண்டு. கூரையின் முகடு வடக்கு தெற்காக ஓடட்டும். அப்படியானால் கம்பிகளின் நிழல் ஒரே செடிமேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். வாசல் மேற்கே பார்க்க வேண்டாம். ஆடிக் காற்று நேராக உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும்.

தாள் 200 மைக்ரான், புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகையாக வாங்கு. மூன்று நான்கு வருஷத்தில் எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் பணம் ஒதுக்கி வை. (இங்கே குன்னூரில் குரங்குகளுக்குப் பாலித்தீன் கூரை என்றால் தனிப் பிரியம். உன் பக்கம் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்.) கூரை ஓரத்தில் தகர வடிகால் வைக்க மறக்காதே. இருபதுக்குப் பத்தடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 185 லிட்டர் தண்ணீர். ஒரே மழையில் ஒரு டிரம் நிறைந்துவிடும். உள்ளே மழை விழாது என்பதால் அந்தத் தண்ணீர்தான் செடிக்குப் பாய வேண்டும். நிறைந்த டிரம்மை உள்ளேயே வைத்தால் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கொஞ்சம் திருப்பித் தரும்.

அரசினர் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையைக் காட்டி அதுபோல வேண்டும் என்று உன் பிள்ளைகள் கேட்பதாக எழுதியிருக்கிறாய். அதைப் பராமரிக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருக்கிறது.

டிசம்பரில் வேரை அறுத்து வை. பொங்கலுக்கு நான் வருகிறேன், ரோஜாவை அப்போது எடுக்கலாம். அதுவரை கம்பத்துக்கும் தாளுக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அத்தை