"இந்தப் பேப்பர் யார்கிட்ட போகும் மேடம்?"

எங்கள் கேள்வித்தாளை முதன்முதலாகக் கொடுத்தது ஒரு மாதக் கூட்டத்தில். பெரியபாளையத்தைச் சுற்றியுள்ள துணை சுகாதார நிலையங்களின் நர்ஸம்மாக்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைக்கிற நாள் அது. ஊர் ஊராக அலைய வேண்டாம் என்று நினைத்தோம். அரை மணி நேரத்தில் எல்லாத் தாளும் திரும்பி வந்தன. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், தாளுக்குத் தாள் ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக். யாருக்கும் அலுப்பில்லை, யாருக்கும் தூக்கம் கெடவில்லை, எல்லாருக்கும் வேலையில் முழு நிறைவு.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு மூத்த நர்ஸம்மா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பேப்பர் யார்கிட்ட போகும் மேடம்?" ஆராய்ச்சிக்குத்தான் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தாள்களைப் பார்த்த பிறகுதான் கேள்வியின் எடை புரிந்தது. அவர்கள் டிக் அடித்துக்கொண்டிருந்த அறையில், முன்வரிசையில், அவர்களுடைய மேலதிகாரி உட்கார்ந்திருந்தார். அத்தனை தாளையும் கட்டி மூலையில் வைத்தோம். எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

நான் செவிலியர் மாணவிகளுக்கு ஆராய்ச்சி முறை நடத்துகிறவள். கூட உழைத்த தோழி ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர். கிராம சுகாதார செவிலியரின் பணிச்சோர்வையும் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பணிச்சோர்வையும் அளக்கத் தமிழிலேயே ஓர் அளவுகோல் வேண்டும் என்று இறங்கினோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை, இனி இறங்கப்போகும் எம்.எஸ்சி., எம்.எட்., பிஎச்.டி. பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில், புதிதாக ஒன்று தேவைதானா என்று பாருங்கள். பணிச்சோர்வுக்கு உலகம் முழுக்கப் பேர்பெற்றது கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட 22 கேள்விப் பட்டியல். அதற்கு உரிமம் உண்டு, காசு கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். மாணவர்கள் நகல் எடுத்து மொழிபெயர்த்து விடுகிறார்கள், அது தவறு. 2005-இல் டென்மார்க்கிலிருந்து வந்த கோபன்ஹேகன் பட்டியலில் 19 கேள்விகள், அது எல்லாருக்கும் இலவசம். அதை ஒழுங்காகத் தமிழாக்கி, நம் மக்களிடம் சோதித்துப் பார்த்தாலே ஒரு நல்ல ஆய்வு. நாங்கள் அதில் தடுக்கியது ஓர் இடத்தில்தான். அதன் மூன்றாவது பகுதி, நாம் யாருக்குச் சேவை செய்கிறோமோ அவர்களால் வரும் சோர்வைக் கேட்கிறது. ஒரு நர்ஸம்மாவுக்கு அந்த 'அவர்' யார்? கர்ப்பிணியா, அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுக்கும் மாமியாரா, செங்கல் சூளையில் ஆறு மாதம் தங்கிவிட்டு ஒடிசாவுக்குத் திரும்பிப் போகிற குடும்பமா, பதிவேடா? ஒருவருக்குக் கர்ப்பிணி மனதில் வந்தாள், இன்னொருவருக்குப் பதிவேடு வந்தது. அப்படியானால் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

வழி காட்டியது சென்னையிலேயே இருந்தது. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தில், மனநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரின் சுமையை அளக்க டாக்டர் தாராவும் குழுவினரும் ஓர் அளவுகோல் உருவாக்கி 1998-இல் வெளியிட்டார்கள். நாற்பது கேள்விகள். வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றை எடுத்து மொழிபெயர்த்து அதை உண்டாக்கவில்லை. பராமரிப்பவர்களைப் பேசவிட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து படிப்படியாகக் கேள்விகளைத் திரட்டி, அதன் பிறகே எண்களுக்குப் போனார்கள். நம் ஊரில் அளவுகோல் செய்ய நினைக்கும் எவரும் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும்.

நாங்களும் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்கப் போனோம். புதன்கிழமை தடுப்பூசி நாள். மதியம் ஊசி முடிந்து, ஐஸ் உருகிய பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கன்வாடித் திண்ணையில் சாய்கிற நேரத்தில்தான் பேச்சு வரும். எங்கள் பழைய தாளில் 'பணியின் காரணமாக உளவியல் ரீதியான சோர்வுக்கு உள்ளாகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதை ஒரு நர்ஸம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். "இது பரீட்சைக்கு எழுதுற தமிழ் மேடம். நாங்க அலுப்புன்னு சொல்லுவோம், இல்லன்னா சலிப்புன்னு சொல்லுவோம்" என்றார். ரெண்டும் ஒன்றுதானே அக்கா என்றேன்.

"எப்படி ஒண்ணாகும்? அலுப்பு தூங்கி எழுந்தா போயிடும். சலிப்பு தூங்கினாலும் போகாது. வெறுப்பு வந்துடுச்சுன்னா நாம வேலையில இருந்தும் இல்லாத மாதிரிதான்."

நான் புத்தகங்களில் படித்து, மாணவிகளுக்குப் பல வருடம் நடத்திய கருத்து அது. பணிச்சோர்வு என்பது வெறும் உடல் களைப்பு அல்ல, அதன் முற்றிய நிலையில் மனிதர் தன் வேலையிலிருந்தும் தன்னிடம் வருபவர்களிடமிருந்தும் விலகிவிடுகிறார் என்பது. மூன்று சொல்லில் அவர் அதை வரிசைப்படுத்திவிட்டார். அந்த மூன்று சொற்களே எங்கள் அளவுகோலின் மூன்று பகுதிகளாயின. பள்ளிக்கூடத் தரப்பில் ஒரு டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிள்ளைங்க டீச்சர் டீச்சர்னு கூப்பிடும். காதுல விழாத மாதிரி இருந்துடுவேன். அப்புறம் வீட்டுக்குப் போய் அதை நெனச்சு அழுவேன்." அந்த முதல் பாதி அப்படியே ஒரு கேள்வி வரியானது. இரண்டாவது பாதியைச் சேர்க்கவில்லை. ஒரு வரியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். காதில் விழாததுபோல இருக்கிறவர் எல்லாரும் வீட்டில் அழுவதில்லை; இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பாதி உண்மை உள்ளவர் எங்கே டிக் அடிப்பார்?

அடுத்தது பதில் கட்டங்கள். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் கொடுத்த முறையை நாம் கண்ணை மூடிக்கொண்டு தமிழாக்குகிறோம். 'ஒருபோதும் – எப்போதாவது – சில நேரங்களில் – அடிக்கடி – எப்போதும்' என்று ஐந்து கட்டம். தமிழில் 'ஒருபோதும்' தனியாக நிற்காது. பின்னால் ஒரு 'இல்லை' வந்தால்தான் அதற்கு உயிர். 'எனக்குச் சலிப்பு வருகிறது' என்ற வரிக்கு எதிரே 'ஒருபோதும்' என்று வெறுமனே இருந்தால், வேகமாகப் படிப்பவர் அதை 'எப்போதும்' என்றே எடுத்துக்கொள்கிறார். இதை நான் கண்ணால் பார்த்தேன். எதிர்மறை வரியானால் சிக்கல் இரட்டிப்பு. "சாப்பிடலையா?" என்று கேட்டால் "ஆமா, சாப்பிடல" என்பது நம் வழக்கு. 'எனக்கு வேலையில் சலிப்பு இல்லை' என்ற வரிக்கு 'இல்லை' என்று பதில் சொன்னவரிடம் கேட்டேன். சலிப்பு இல்லை என்பதற்காகத்தான் அடித்ததாகச் சொன்னார். கணக்கில் அவர் சலித்துப்போனவர் ஆகிவிட்டார். யோசிக்காமல் டிக் அடிப்பவரைப் பிடிக்க எதிர்மறை வரிகளைக் கலந்து வையுங்கள் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். தமிழில் யோசித்து அடிப்பவரும் அதில் மாட்டிக்கொள்கிறார். நாங்கள் அவற்றை முழுவதும் எடுத்துவிட்டோம்.

மீதிச் சொற்களோடு 'அவ்வப்போது' என்பதையும் சேர்த்துச் சீட்டுகளில் எழுதி, குறைவிலிருந்து அதிகம் வரை அடுக்கச் சொன்னோம். இது காசில்லாத சோதனை, எல்லாரும் செய்யலாம். 'அடிக்கடி', 'எப்போதும்' இரண்டும் தகராறில்லாமல் இடம் பிடித்தன. 'எப்போதாவது', 'அவ்வப்போது', 'சில நேரங்களில்' மூன்றும் ஆளுக்கு ஆள் இடம் மாறின. இடம் மாறும் சொல்லுக்கு 1, 2, 3 என்று மதிப்பெண் போட்டுக் கூட்டினால் கூட்டலில் பிழை இருக்காது, கூட்டிய பொருளில் இருக்கும். கடைசியில் சொல்லை விட்டுவிட்டு நாளைக் கேட்டோம். மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் பட்டியல் கடந்த இரண்டு வாரத்தை நினைக்கச் சொல்லும், அதைப் பின்பற்றினோம். அதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஆசிரியருக்கு நடுவில் காலாண்டு விடுமுறை வந்துவிடும், நர்ஸம்மாவுக்கு வராது. ஆகவே 'கடைசியாக நீங்கள் வேலைக்குப் போன பத்து நாட்களில் எத்தனை நாள்' என்று மாற்றினோம். அதற்குப் பிறகு யாரும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழிக்கவில்லை.

கேள்விகளை மதிப்பிடும் வல்லுநர் குழுவுக்கு லாஷே 1975-இல் கொடுத்த கணக்கைத்தான் பெரும்பாலோர் போடுகிறார்கள். பத்துப் பேரிடம் கேட்டு, எட்டுப் பேர் 'இந்தக் கேள்வி அவசியம்' என்றால் விகிதம் 0.60. அவர் அட்டவணைப்படி பத்துப் பேருக்குக் குறைந்தது 0.62 வேண்டும். எட்டுப் பேர் ஒத்துக்கொண்டும் கேள்வி விழுந்துவிடும், ஒன்பது பேர் வேண்டும். கணக்கு எளிது. யாரை உட்காரவைப்பது என்பதுதான் கடினம். எங்கள் முதல் குழுவில் இருந்த எல்லாரும் பேராசிரியர்கள். பதிவேடு பற்றிய கேள்விகளை அவசியமில்லை என்று தள்ளிவிட்டார்கள். களத்தில் எல்லாரும் முதலில் பேசியதோ அதைத்தான். "தாய்மாருக்குப் பிரஷர் ஏறிடுச்சுன்னா, நான் போய்ப் பார்த்தேனான்னு அப்புறம்தான் கேப்பாங்க, கம்ப்யூட்டர்ல ஏத்தினேனான்னுதான் முதல்ல" என்று ஒருவர் சொன்னதை எப்படித் தள்ள முடியும்? இரண்டாவது குழுவில் பாதிப் பேர் நர்ஸம்மாக்களும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும். கேள்விகள் திரும்பி வந்தன.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வேடுகளில் குரோன்பாக் 1951-இல் தந்த ஆல்பா 0.9-ஐத் தாண்டிவிட்டால் எல்லாரும் மகிழ்ந்துபோகிறோம். கேள்வியின் எண்ணிக்கையைக் கூட்டினாலே ஆல்பா ஏறும். கேள்விகளுக்கிடையே சராசரித் தொடர்பு 0.3 மட்டும் இருந்தாலும், பத்துக் கேள்விக்கு 0.81, இருபதுக்கு 0.90, முப்பதுக்கு 0.93. ஒரே கேள்வியை நான்கு விதமாக மாற்றி எழுதினால் இன்னும் ஏறும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் ஆல்பா ஒன்றும் சொல்லாது. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பதற்கு அதில் விடை இல்லை. காரணிப் பகுப்பாய்வில் கேள்விகளைப் பகுதி பிரித்த பிறகு, அந்தப் பிரிவு சரியா என்று உறுதிப்படுத்த வேறு ஆட்களிடம் போங்கள். அதே ஆட்களிடம் செய்தால் நம் முகத்தை நாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல.

மறுமுறை சோதனை எங்களை அதிகம் கலங்கவைத்தது. அதே ஆளிடம் இரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் மதிப்பெண் ஏறத்தாழ அப்படியே இருக்க வேண்டும், அதுதான் நம்பகத்தன்மை. ஆசிரியர்களிடம் அப்படியே இருந்தது. நர்ஸம்மாக்களிடம் எக்குத்தப்பாக ஏறியிருந்தது. கேள்விகளைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தோம். விடை கேள்வியில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருந்தது. முதல் தாள் ஆனிக் கடைசியில் வாங்கியது, இரண்டாவது ஆடியில். ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையமே வேறு ஊர். பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவார்கள். ஆரணி ஆற்றங்கரையெல்லாம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். ஞாயிறு என்றால் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் மயங்கி விழுகிறவருக்கும், நெருப்புப் பட்டுக்கொண்ட பிள்ளைக்கும் முகாமில் நிற்பது யார்? நாங்கள் தாள் கொடுத்த அதே பெண்கள். வார நாள் வேலையும் குறையாது, ஞாயிறு ஓய்வும் கிடையாது. உண்மையாகவே ஏறிய சோர்வைத்தான் அளவுகோல் காட்டியது. தை கழிந்து, திருவிழாவும் தேர்வும் இல்லாத பதினைந்து நாள் பார்த்து மறுபடி செய்தோம். எண்கள் ஒட்டி நின்றன. உங்கள் ஊர் நாட்காட்டியைப் பார்க்காமல் மறுமுறை சோதனைக்குத் தேதி குறிக்காதீர்கள்.

ஆசிரியரையும் செவிலியரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. 'வேலை வீடுவரை வருகிறது' என்ற வரிக்கு இருவரும் பத்து நாள் என்று எழுதலாம். டீச்சருக்கு அது பை நிறைய நோட்டு. நர்ஸம்மாவுக்கு அது நள்ளிரவில் வலி கண்ட பெண்ணின் வீட்டிலிருந்து வரும் போன். இந்த வரியை ஒப்பீட்டுக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அவரவர் குழுவுக்குள் மட்டும் வைத்துக்கொண்டோம்.

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் கவலைப்பட வேண்டும் என்ற கோட்டையும் இரவல் வாங்காதீர்கள். பிள்ளை பெற்ற தாயின் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல் 1987-இல் வந்தபோது கோடு 12-க்கும் 13-க்கும் நடுவில் இருந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்ப் பதிப்பைச் சோதித்து 2005-இல் வெளியிட்டபோது, 8-க்கும் 9-க்கும் நடுவில் வைத்தால்தான் சரியாகப் பிடிக்கிறது என்று கண்டார்கள். ஸ்காட்லாந்துக் கோட்டை அப்படியே வைத்திருந்தால், உதவி தேவைப்பட்ட எத்தனையோ தாய்மார் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

எங்கள் அளவுகோலுக்கு அப்படி ஒரு கோடு இன்னும் போடவில்லை. கோடு போட மருத்துவர் ஒருவர் தனித்தனியே உட்கார்ந்து பேசிச் சரிபார்க்க வேண்டும். அதற்குள் ஓர் அலுவலகத்திலிருந்து, அதிக மதிப்பெண் வாங்கியவர்களின் பட்டியலைப் பெயரோடு கேட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் என்றார்கள். எங்களிடம் பெயரே இல்லை என்று சொல்ல முடிந்தது, உண்மையிலேயே இல்லை. அந்த முதல் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் மாற்றிய முதல் விஷயம் அதுதான்.

இப்போது தாளின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, 'இந்தத் தாள் யாரிடம் போகும்?' என்று தலைப்பிட்டு நான்கு வரியில் பதில் எழுதியிருக்கிறோம். அதைப் பஸ் ஸ்டாண்டில் கேட்ட அதே நர்ஸம்மாவிடம் முதலில் காட்டினேன். பெயர் இல்லை, துணை நிலையத்தின் பெயரும் கேட்கவில்லை, உறையில் போட்டு நீங்களே ஒட்டித் தரலாம் என்று விளக்கினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு வயது, பணிக்காலம் என்ற இரண்டு கட்டங்களின் மேல் விரலை வைத்தார்.

"இதையும் எடுத்துடுங்க மேடம். எங்க பக்கத்துல ஐம்பத்தெட்டு வயசுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

பணிக்காலத்தை எடுத்துவிட்டோம். வயதுக்கு '45-க்குள்', '45-க்கு மேல்' என்று இரண்டு கட்டம் மட்டும் வைத்தோம்.