சுரங்க மண்ணில் மீண்டும் காடு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை அடைய, அதன் மேலுள்ள மண், மணற்பாறை, களிமண் ஆகியவற்றை 50 மீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு அகற்ற வேண்டியுள்ளது. 1957-இல் தொடங்கிய இத்திறந்தவெளிச் சுரங்கத்தில், வாளிச் சக்கர இயந்திரங்கள் வெட்டும் மண் முதலில் வெளியே குவிக்கப்பட்டது; பின்னர், நிலக்கரி எடுத்து முடிந்த பள்ளத்திலேயே கொட்டப்படலாயிற்று. நிலம் திரும்பக் கிடைக்கிறது, ஆனால் தலைகீழாக. ஆழத்தில் கிடந்த மணலும் களியும் மேலே வருகின்றன. தனியே எடுத்துப் பாதுகாக்கப்படாத மேல்மண் அடியில் புதைகிறது. மேலே வந்த மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. மட்கு அநேகமாக இல்லை. வேருக்குத் துணைபுரியும் பூஞ்சைகளும் இல்லை.

சத்தை உரத்தால் ஓரளவு ஈடு செய்யலாம். மண்ணின் இறுக்கமோ எளிதில் தீராதது. அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், மண்ணரிப்பைத் தடுக்கும் பொருட்டுச் சுரங்க நிலங்கள் புல்டோசர்களால் சமன் செய்யப்பட்டன. மண் இறுகிற்று, புல் வளர்ந்தது, மரம் தழைக்கவில்லை. விதிகளின்படி பார்த்தால் அவை செம்மையாக மீட்கப்பட்ட நிலங்களே! 2004 முதல் அங்கு, மேற்பரப்பில் ஏறத்தாழ 1.2 மீட்டர் மண்ணை இறுக்காமல் தளர்வாகப் பரப்பும் முறை வற்புறுத்தப்படுகிறது.

எம்மரங்களை நடுவது என்பது அடுத்த வினா. தைல மரமும் சவுக்கும் விரைந்து வளர்ந்து பசுமை காட்டும். அவற்றைத் தோப்பு எனலாம், காடு எனல் பொருந்தாது. சோழமண்டலக் கரைக்கு உரியது வறண்ட பசுமைமாறாக் காடு. வடகிழக்குப் பருவமழையை நம்பி, நீண்ட கோடையிலும் இலையுதிர்க்காத பாலை, வீரை, காயா, கருங்காலி, நாவல் முதலியன அதன் மரங்கள். இக்காட்டில் எஞ்சியவற்றுள் பல கோயிற்காடுகளே. புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு இதற்குச் சான்று. தெய்வத்திற்கு அஞ்சி மக்கள் காத்த இக்காடுகள் இன்று விதைக் களஞ்சியங்களாக விளங்குகின்றன.

இம்மரங்கள் வெட்டவெளியில் எளிதில் நிலைப்பதில்லை. 1968-இல் ஆரோவில் தோன்றியபோது அவ்விடம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். வரப்பிட்டு நீரைத் தேக்கி, முதலில் விரைந்து வளரும் மரங்களை நட்டு, அவற்றின் நிழலில் நாட்டு மரங்களை வளர்த்தனர். பழமரங்கள் காய்த்தபின் கொண்டைக்குருவி போன்ற பறவைகளும் விதை பரப்பின. அந்நிலம் சுரங்க மண்ணன்று. எனினும் முறை நெய்வேலிக்கும் பொருந்தும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை முதலாண்டிலேயே கணக்கிடும் அறிக்கையில் இவ்வேலை அடங்காது. தானே முளைத்த கன்றுகள் எத்தனை என்பதைப் பத்தாண்டு கழித்து எண்ணவேண்டும். நாவல் போன்றவற்றின் விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை இழக்கும். பழுத்தவுடன் விதைத்தாக வேண்டும். ஆகவே நாற்றங்காலுக்கான நிதி ஒப்புதல் மழைக்காலம் வரை காத்திராமல், கோடையிலேயே வந்து சேரவேண்டும்.